ஆமிக்காரனின் மனைவி என்று சொல்ல எனக்கு மூன்று வருடம் எடுத்தது

1997ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, என் கணவர் அன்ரன் குளியல் தொட்டிக்குள் உடுப்போடு படுத்திருந்தார். தண்ணீர் இல்லை. இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஸ்காபரோவில் நாங்கள் இருந்த டோர்செட் பார்க் மாடிக் கட்டடத்தில் அன்று பல்கனிகளை உடைத்துத் திருத்தினார்கள். காலையிலிருந்தே அந்த மெஷின் சத்தம். எத்தனை மணிநேரம் அப்படிக் கிடந்தாரோ தெரியாது.

"முடிஞ்சுதோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம், முடிஞ்சுது. எழும்புங்கோ."

இருபத்தொன்பது வயது மனிதரைத் தாங்கிப் பிடித்து எழுப்பினேன். எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. களைப்புத்தான் வந்தது.

அன்ரன் ஊர் யுத்தத்துக்குத் தப்பி, பதினாறு வயதில் அகதியாகக் கனடாவுக்கு வந்தவர். குடியுரிமை கிடைத்ததும் கனடிய இராணுவத்தில் சேர்ந்தார். இடம் தந்த நாட்டுக்குத் தானும் ஏதாவது செய்ய வேண்டும் என்பார். 1993இல் சமாதானப் படையோடு பொஸ்னியாவுக்கு லொறி ஓட்டப் போனார். அங்கே ஒருநாள் முன்னால் போன வண்டி கண்ணிவெடியில் சிதறியது. இவருடைய லொறி பள்ளத்தில் கவிழ்ந்தது. இவர் வெளியே ஊர்ந்து வந்து, காயப்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். காயமோ என்று தன்னைக் கேட்டவர்களிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்.

ஒன்றுமில்லை என்று சொன்னதுதான் பிறகு வினையாகிப் போனது. இடது காது கேட்காமல் போயிற்று. முதுகு குனிய விடவில்லை. 1994இல் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது, 1995இல் இராணுவத்தை விட்டு வந்தார். காயத்துக்கான பென்சனுக்கு விண்ணப்பித்தோம். அன்று அவர் காயப்பட்டதற்குப் பதிவு எதுவும் இல்லை என்று மறுத்துக் கடிதம் வந்தது. மறுபடி எழுதினோம். மறுபடியும் அதே பதில். அதற்குப் பிறகு அவர் கடிதப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

இதை யாரிடம் போய்ச் சொல்ல? எங்கள் சனத்துக்கு 'ஆமி' என்றால் ஊரில் எங்கள் பிள்ளைகளைச் சுட்ட, பிடித்துக்கொண்டு போன படைதான் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் கேட்டவர்களுக்கெல்லாம், "ட்ரான்ஸ்போர்ட்டில வேலை செய்தவர், முதுகு நோ" என்று சொன்னேன். ஜெபக் கூட்டத்திலும் முதுகு வலிக்காக மட்டுமே ஜெபிக்கக் கேட்டேன். என் கணவரை நானே மறைத்து வைத்திருந்தேன். தேவனுக்கு முன்னால் இதை ஒத்துக்கொள்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்குப் பிறகு, வேலைக்குப் போகும் பஸ்ஸில் கண்ணை மூடினேன். வேத வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, என்னால ஏலாது. ஆரையாவது அனுப்பும்." அவ்வளவுதான் என் ஜெபம். மூன்று நாளும் அதையே சொன்னேன்.

சனிக்கிழமை மோர்னிங்சைட்டில் ஒரு சபைச் சகோதரரின் வீட்டில் ஜெபக் கூட்டம். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். முதுகு வலி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"என்ர மனுசன் ஆமியில இருந்தவர். கனடா ஆமி. அவர் சரியா உடைஞ்சுபோனார்" என்று சொல்லிவிட்டேன்.

ஒருவர் தரையைப் பார்த்தார். கூட்டத்துக்கு வந்திருந்த பிலோமினா அன்ரியைப் பார்க்க நான் பயந்தேன். ஊரில் அவருடைய மூத்த மகனை ஆமி பிடித்துக்கொண்டு போனது. அவன் திரும்பி வரவில்லை. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அன்ரிதான் முதலில் எழும்பினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து என் பக்கத்தில் வந்தார்.

"பிள்ளை, அவர் இப்ப தனியவோ இருக்கிறார்?"

"ஓம் அன்ரி."

"அப்ப எழும்பு. போவம்."

இரண்டு பஸ் மாறி வந்தோம். அன்ரியைக் கண்டதும் அன்ரன் எழுந்து நின்றார். "அன்ரி, உங்கட மகன்…" என்று தொடங்கினார்.

"அது வேற கதை, தம்பி. இரும். நீர் உம்மட கதையைச் சொல்லும்."

அன்று அன்ரன் சொன்னதில் பாதி நானே கேட்டிராதது. அன்ரி கடைசிவரை இருந்து கேட்டார். போகும்போது அவருடைய தலையில் கைவைத்து ஜெபித்தார்.

அன்ரி வாரநாட்களில் ஒரு மண்டபத்தில் துப்புரவு வேலை செய்தார். பழைய படைவீரர்கள் கூடும் இடம் அது. திங்கட்கிழமை தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அங்கே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை எங்கள் கதவைத் தட்டியவர் மிஸ்டர் கிளார்க். ஜமேக்காவில் பிறந்தவர், இரண்டாம் உலக யுத்தத்தில் போராடியவர், எழுபது வயது தாண்டியவர். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், தான் படைவீரன் என்று சொன்னால் ஒருவரும் நம்பவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு அன்ரனுடைய நல்ல காதுப் பக்கமாகக் கதிரையை இழுத்துப்போட்டு, ஒரேயொரு கேள்வி கேட்டார். லொறி கவிழ்ந்த அன்று காயத்தோடு உன்னை முதலில் பார்த்தது யார்?

அதுவரை ஒருவரும் அதைக் கேட்டதில்லை. அன்ரன் யோசித்து, காயக்காரருக்கு மருந்து கட்டிய ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார்.

மிஸ்டர் கிளார்க் இடம் இடமாகக் கடிதம் எழுதினார், போன் எடுத்தார். தை மாதம் அந்தப் பெண்ணிடமிருந்து பதில் வந்தது. காதால் இரத்தம் வடிய வடிய மற்றவர்களைச் சுமந்து வந்த அந்தச் சாரதியைத் தான் மறக்கவில்லை என்றும், அன்றிருந்த அவசரத்தில் அதை எழுதிவைக்கவில்லை என்றும் கையெழுத்திட்டு அனுப்பியிருந்தார். அன்ரன் அதை மூன்று தரம் வாசித்தார். பிறகு குழந்தை மாதிரி அழுதார். அந்தக் கடிதத்தை வைத்து மேன்முறையீடு செய்தோம்; 1998 வைகாசியில் அதை ஏற்று, பென்சன் தர ஒத்துக்கொண்டார்கள்.

எல்லாம் சுகமாகிவிட்டது என்று நான் சொன்னால் அது பொய். முதுகு வலி இருக்கிறது. சில நாட்கள் அறையை விட்டு வரமாட்டார். கிழமைக்கு ஒருமுறை மனநல மருத்துவரிடம் போகிறார். நானும் இன்னும் களைத்துத்தான் இருக்கிறேன். ஆனால் அந்தக் களைப்பை இப்போது தனியே சுமக்கவில்லை. வேறு நாடுகளில் பிறந்து இந்த நாட்டின் சீருடை போட்டு, ஆதாரக் காகிதம் இல்லாமல் அலைகிறவர்களுக்கு மிஸ்டர் கிளார்க்கோடு சேர்ந்து அன்ரனும் படிவம் நிரப்பிக் கொடுக்கிறார்.

போன நவம்பர் பதினோராம் திகதி, படைவீரர் நினைவு நாளுக்கு ஸ்காபரோவில் அவர் முதல் தடவையாகப் பதக்கம் குத்திக்கொண்டு போய் நின்றார். நல்ல குளிர். பிலோமினா அன்ரியும் வந்து அவர் பக்கத்தில் நின்றார். இறந்தவர்களுக்கான இரண்டு நிமிட மௌன அஞ்சலி முடிந்த பிறகு, "நான் என்ர பிள்ளைக்கும் சேர்த்துத்தான் நிண்டனான்" என்றார்.

ஆண்டவர் என் சின்ன ஜெபத்தைக் கேட்டார். அனுப்பும் என்றேன், அனுப்பினார். நான் அஞ்சி ஒதுங்கியிருந்த ஒரு தாயையே முதலில் அனுப்பினார். உங்களில் யாராவது வீட்டுக்குள் ஒருவரை மறைத்து வைத்துக்கொண்டு களைத்திருந்தால், ஆண்டவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள். அவருக்கே மகிமை.