பத்தியில் இல்லாத வரி

எர்ணாவூரைத் தாண்டி எண்ணூர் போகும் சாலையில் ஒரு காலி கண்டெய்னர் யார்டு. அங்கே இரண்டரை வருடம் கேட் கிளார்க்காக வேலை பார்த்தேன். சரக்கை இறக்கிவிட்ட வெற்றுப் பெட்டிகளை ட்ரைலர் லாரிகள் கொண்டுவந்து விட்டுப் போகும். பெட்டியின் எண், வண்டியின் எண், டிரைவரின் பெயர், போன் நம்பர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சீட்டு அடித்துக் கொடுப்பது என் வேலை. எனக்குக் கொடுத்திருந்த அறையும் ஒரு பழைய கண்டெய்னர்தான். பக்கவாட்டில் ஜன்னல் வெட்டி, உள்ளே ஒரு மேசையும் ஃபேனும் போட்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக ஒரு கை நீளும், தாளை வாங்கும், போய்விடும். பல நாட்கள் முகத்தைப் பார்க்காமல் கைகளை மட்டுமே பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

வீடு என்பது எர்ணாவூர் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. ஒரு அறை, ஒரு அடுப்படி. அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், நான். அம்மா இறந்த பிறகு என்னை அவர்கள் குறை வைக்காமல்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அங்கே ஒரு புத்தகத்தைத் திறந்தால் யாராவது நகர்ந்து இடம் விட வேண்டும். யாரையும் அப்படி நகரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் யார்டிலேயே படித்தேன்.

எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்கு. கணக்கு எனக்குப் பயமில்லை, பி.காம். படித்தவள். ஆங்கிலப் பத்திகள்தான் பயம். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. ஒரு பக்க அளவுக்குப் பத்தி கொடுத்து, கீழே நாலைந்து கேள்விகள் கேட்பார்கள். பத்தியின் மையக் கருத்து என்ன, இந்தச் சொல்லுக்கு இங்கே என்ன பொருள், இதிலிருந்து எதை ஊகிக்கலாம், எழுதியவரின் தொனி என்ன. ஒரு பத்திக்குப் பத்து நிமிடம்கூட முழுசாகக் கிடைக்காது. முதல் மாதம் ஒரு பத்தியை முடிக்க எனக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. பவளப்பாறைகள், யாரோ ஒரு ராஜாவின் வரிவிதிப்பு, மூளையின் ஏதோ ஒரு பகுதி என்று எனக்குச் சம்பந்தமே இல்லாத விஷயங்களைப் படித்துக்கொண்டிருப்பேன். வெளியே லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்.

கோச்சிங் வகுப்பு எதுவும் கிடையாது. போனில் ஒருவர் பாடம் நடத்தும் வீடியோக்கள் மட்டும். அவரிடம் சந்தேகம் கேட்க முடியாது. வீடியோவுக்குக் கீழே மூன்று முறை எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. கல்லூரித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் கல்யாண போட்டோ வந்தால் பூங்கொத்துப் படங்கள் குவியும், மற்ற நாட்களில் ஓசையே இருக்காது. நான் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று ஒருநாள் அதில் போட்டேன். இரண்டு பேர் கட்டை விரலைக் காட்டினார்கள்.

நான் தொடர்ந்து தவறவிட்டது இரண்டு வகைக் கேள்விகளை. தொனிக் கேள்வியில் எந்தப் பத்தியைப் படித்தாலும் எழுதியவர் வருத்தத்தில் இருப்பதாகவே எனக்குத் தோன்றும். விடையில் ‘நடுநிலை’ என்று போட்டிருப்பார்கள். சிமெண்ட் தயாரிப்பைப் பற்றிய ஒரு பத்தியைக்கூட வருத்தமாக எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். மற்றது ஊகக் கேள்வி. பத்தி சொன்னதற்கு மேல் நானாக ஏதாவது சேர்த்துக்கொள்வேன். “பத்தியில் இல்லாத வரியை நீங்கள் எழுதாதீர்கள்” என்று அந்த வீடியோக்காரர் ஒவ்வொரு பாடத்திலும் சொல்வார்.

படிக்கும்போது உதடு அசைந்தால் வேகம் வராது என்பார் அவர். அதனால் பேனாவைப் பல்லுக்கு இடையில் கடித்துக்கொண்டு படிப்பேன். அப்படி ஒருநாள் படித்துக்கொண்டிருந்தபோதுதான் ஜன்னலில் ஒரு முகம் குனிந்தது.

“இன்னா தங்கச்சி, பேனாவ துன்னுகினு கீற?”

தண்டையார்ப்பேட்டைக்கார ட்ரைலர் டிரைவர். ஐம்பது வயது இருக்கும். வாரத்தில் இரண்டு நடை எங்கள் யார்டுக்கு வருவார். நான் விஷயத்தைச் சொன்னதும் புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

“அம்மாம் பொடி எயுத்தா கீது. படி, படி. இந்தப் பொட்டிக்குள்ளயே குந்திகினு கீறதுக்கா பொறந்த?”

அதற்குப் பிறகு அவர் வரும்போதெல்லாம் “இன்னிக்கு எத்தினி பக்கம்?” என்று கேட்பார். நான் சொல்வேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. ஆனால் என் படிப்பைப் பற்றி விசாரித்த ஒரே ஆள் அவர்தான். அவர் வண்டி எப்போது வரும் என்று நான் பார்த்துக்கொண்டிருக்க ஆரம்பித்திருந்தேன். அதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அவர் வந்தது சீட்டு வாங்க இல்லை. மடித்த இரண்டு தாள்களை ஜன்னல் வழியாக நீட்டினார்.

“எங்க வூட்டு அம்மாக்கு மார்ல ஒரு கட்டி. சதைய எட்த்து டெஸ்ட்டுக்கு அனுப்ச்சாங்க. ரிப்போர்ட்டு வந்துகீது. வெள்ளிக்கெயம டாக்டரு வர சொல்லிகீறாரு. ஓனரு ஐதராபாத் லோடு குட்த்துகீறாரு, அங்கேர்ந்து இன்னொரு லோடு, திரும்பி வர பத்து நாளாவும். ஒண்ணும் இல்லன்னா நான் கெளம்பிடுவேன், டாக்டர வந்து பாத்துக்கலாம். நீதான் இங்கிலீஷு படிக்கிறியே, இன்னா போட்டுகீதுன்னு பாரு.”

வாங்கிப் படித்தேன். பெயர், வயது நாற்பத்தேழு, திசு எடுத்த இடம், அதன் அளவு, நிறம். இரண்டாவது பக்கத்தின் அடியில் தடித்த எழுத்தில் முடிவு. அதில் கார்சினோமா என்ற சொல் இருந்தது. அதுவரை எந்தப் பத்தியையும் நான் அவ்வளவு வேகமாகப் படித்ததில்லை. ஒரு சொல்லில்கூடத் தடுக்கவில்லை. புரிந்துவிட்டது என்று ஒரு கணம் உள்ளே சின்னதாக ஒரு சந்தோஷம்கூட எழுந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

நிமிர்ந்தேன். அவர் இரண்டு கைகளையும் ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டு, நான் பரீட்சையில் நன்றாக எழுதுகிறேனா என்று பார்ப்பவர் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெருசா ஒண்ணும் எழுதலண்ணா” என்றேன். “டாக்டர் கிட்ட காட்டிட்டா போதும்.”

“அப்டியா? அப்ப பத்து நாளு கயிச்சி காட்டலாம்ல?”

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியாது. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். தாள்களைப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “நல்லா இருப்ப தங்கச்சி” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அன்று மாலை வீட்டில் அண்ணி பேசியது எதுவும் காதில் விழவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. அண்ணனிடம் சொன்னால், உனக்கு எதுக்கு ஊர் வம்பு என்பான். தோழிகள் குழுவைத் திறந்தேன். பாதி எழுதி அழித்துவிட்டேன். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்தேன். அவர் முகத்தில் கவலை விழுவதைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. அந்த முகம் எனக்கு நல்லபடியாகவே வேண்டியிருந்தது. காரணம் அது மட்டும்தான்.

மறுநாள் காலை யார்டுக்குப் போனதும் கம்ப்யூட்டரில் அவர் நம்பரைத் தேடி எடுத்து அடித்தேன்.

“சொல்லு தங்கச்சி. சீட்டுல எதனா தப்பாயிடுச்சா?” பின்னணியில் என்ஜின் சத்தம். ஓங்கோல் பக்கம் வந்துவிட்டதாகச் சொன்னார்.

“சீட்டு இல்லண்ணா. அந்த ரிப்போர்ட். நேத்து நான் சொன்னது சரியில்ல. அதுல கேன்சர்னு போட்டிருக்கு. எவ்ளோ தூரம்னு டாக்டருதான் சொல்லணும். நாளைக்கு கண்டிப்பா போகணும்ணா.”

என்ஜின் சத்தம் குறைந்து நின்றது. ஓரம் கட்டிவிட்டார் என்று புரிந்தது.

“நேத்தே சொல்லிருக்கலாமே தங்கச்சி.”

“பயமா இருந்துச்சுண்ணா.”

“எனுக்கு மட்டும் பயம் இல்லியா? அதுக்குத்தானே உன்கிட்ட வந்து குட்த்தேன்.”

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. சரி வெச்சுடறேன் என்று வைத்துவிட்டார்.

ஓங்கோலிலேயே வண்டியை அதே ஓனரின் இன்னொரு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு ரயிலேறி வந்துவிட்டார் என்பதும், வெள்ளிக்கிழமை மனைவியை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார் என்பதும் மூன்று வாரம் கழித்து வேறொரு டிரைவர் சொல்லித்தான் தெரிந்தது. ஆபரேஷன் ஆகியிருந்தது.

பிறகு இரண்டு மாதம் அவர் எங்கள் யார்டுக்கு வரவில்லை. நான் தினம் இரண்டு பத்திகள் படித்தேன். விடைகளில் ஒரு மாற்றம் வந்திருந்தது. ஊகக் கேள்வி வந்தால் பத்திக்குத் திரும்பிப் போய், இது எந்த வரியில் இருக்கிறது என்று விரலை வைத்துப் பார்ப்பேன். வரி இல்லையென்றால் விடையை அடித்துவிடுவேன். மதிப்பெண் ஏறியது. சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. மழை நாட்களில் வண்டி வரத்து குறைந்துவிடும். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் சத்தம் போட்டே படித்தேன். யாருக்கும் கேட்காது.

மழை விட்ட பிறகு ஒருநாள் அவர் வந்தார். இளைத்திருந்தார். இந்த முறை எத்தனை பக்கம் என்று கேட்கவில்லை. ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டினார்.

“படி. கீறத கீற மாதிரியே சொல்லு.”

ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னேன். கல்லீரலில் ஒன்றும் இல்லை. நுரையீரலில் ஒன்றும் இல்லை. அக்குளுக்குள் சின்னதாக ஒரு நெறிக்கட்டி இருக்கிறது. அது என்ன என்று எழுதவில்லை, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கடைசி வரியையும் விடாமல் சொல்லிவிட்டேன்.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதாண்ணா. இதுக்கு மேல இதுல எதுவும் இல்ல.”

தாளை வாங்கிக்கொண்டார். “டாக்டரும் இதத்தான் சொன்னாரு” என்றார். டாக்டரை ஏற்கெனவே பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்! நான் அவரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. சீட்டை வாங்கிக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டார்.

பரீட்சை நகரத்தின் மறுகோடியில் ஒரு பொறியியல் கல்லூரியில் நடந்தது. இரண்டு ரயில் மாறி, பிறகு ஷேர் ஆட்டோ. வாசலில் எல்லோருக்கும் அப்பா அம்மா நின்றிருந்தார்கள், தண்ணீர் பாட்டிலோடு. நான் பையை ஒப்படைத்துவிட்டு உள்ளே போனேன். நான்கு பத்திகள் வந்தன. மூன்றை முழுதாக முடித்தேன், நான்காவதில் இரண்டு கேள்விகளை விட்டுவிட்டேன். பெரிய பெயர் பெற்ற இடம் எதுவும் கிடைக்கவில்லை. மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் லாஜிஸ்டிக்ஸ் பிரிவில் இடம் கிடைத்தது. அண்ணி கேட்டது ஒன்றுதான்: “ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்குமா உனக்கு?”

கிளம்புவதற்கு ஒரு மாதம் இருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன்.

“நாந்தாம்மா, ட்ரைலர் டிரைவரு சம்சாரம் பேசறேன். உனுக்கு சீட்டு கெட்ச்சிச்சாமே, அவுரு சொன்னாரு.”

அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. நான் எதிர்பார்த்ததைவிடக் கனமான, சிரிப்பு கலந்த குரல். சிகிச்சை முடிந்துவிட்டது என்றார். முடி முளைக்கிறது, ஆனால் சுருட்டையாக முளைக்கிறது என்றார்.

“அன்னிக்கு வண்டிய வுட்டுட்டு வந்து, வாசல்ல நின்னு கொயந்த மாதிரி அயுவுறாரு. நான்தான் டீ போட்டு குட்த்து, இன்னா சமாச்சாரம்னு கேட்டேன். நீ போன் பண்ணி சொல்லலன்னா எனுக்கு யாரும் சொல்லிருக்க மாட்டாங்க கண்ணு.”

முதல் நாள் நான் என்ன சொன்னேன் என்று அந்த அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கால் மணி நேரம் பேசினார். அன்றைக்கு என்ன குழம்பு, எந்தக் கடையில் மீன் நன்றாக இருக்கிறது, ஹாஸ்டலுக்கு ஊறுகாய் போட்டுத் தரட்டுமா. அம்மா போன பிறகு யாரும் என்னோடு போனில் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

“ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு வாட்டி வூட்டுக்கு வா. துன்னுட்டுப் போவலாம்.”

வருகிறேன் என்றேன். அதன்பின் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. ஒவ்வொரு ஞாயிறும் தலை சீவி, நல்ல சுடிதாராக ஒன்றை எடுத்து வைப்பேன். வாசலில் நின்று என்னவென்று சொல்லிக்கொண்டு நுழைவது என்று யோசிப்பேன். அந்தப் புதன்கிழமை நினைவுக்கு வரும். டிரைவரும் வீட்டில் இருப்பார் என்று தோன்றும். சுடிதாரைத் திரும்ப மடித்து வைத்துவிடுவேன். எர்ணாவூரிலிருந்து தண்டையார்ப்பேட்டைக்கு ஒரே பஸ். நான் போகவில்லை.