வாய் மூடியிருந்த பத்து நாட்கள்

சபையாருக்கு என் வந்தனங்கள். என்னை அறிந்தவர்கள் இந்தச் சாட்சியை எளிதில் நம்ப மாட்டார்கள். ஏனென்றால் இது நான் பத்து நாள் பேசாமல் இருந்த கதை.

போன ஆண்டு மழைக்காலம் தொடங்கும் முன் என் குரல் கெட்டது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். குரல்தான் பிழைப்பு. அது போதாதென்று சபையிலும் குரல்தான். மாதத்தின் முதல் நாள் காலையில் எங்கள் சபையில் ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்வோம். ஒருவர் மைக்கில் தேவனுடைய நாமம் ஒன்றைச் சொல்ல, மற்றவர்கள் எல்லாரும் "ஸ்தோத்திரம்" என்பார்கள். மைக்கைப் பிடிப்பவன் நான். மற்ற சபைகளில் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். நான் முக்கால் மணியில் முடித்துவிடுவேன். அதை வெளியே பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். தேவனைத் துதிப்பதில் டைமிங் பார்த்த ஒரே கண்டக்டர் நானாகத்தான் இருப்பேன்.

குரல் கரகரத்தபோது, தொண்டைக்கு ஓய்வு கொடுப்பது அவிசுவாசம் என்று தீர்மானித்தேன். மிளகு, தேன், போதகர் பூசிய எண்ணெய், அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் கத்தல். மூன்று மாதம் இதுதான் வைத்தியம். எங்கள் டிரைவர் ஏழுமலைக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா தானியேலு, நீ ரைட்டு குடுத்தா தவள கத்தற மாரி கீது. டாக்டராண்ட போவியா மாட்டியா?"

"கர்த்தர் பாத்துக்குவாரு."

"பாக்கறதுக்குத்தான்யா டாக்டர வெச்சிகீறாரு. நான் மலைக்கு மால போடறவன், எனக்கே தெரியிது."

ஒரு வெள்ளிக்கிழமை, திருக்கழுக்குன்றம் நிறுத்தத்தில் ஊர்ப் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. இறங்க வேண்டிய இரண்டு பேர் அடுத்த ஊர் வரை வந்து என்னைத் திட்டினார்கள். பதிலுக்குத் திட்டக்கூடக் குரல் இல்லை. அன்றுதான் பயந்தேன்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். "குரல் நாண்ல ஒரு கட்டி இருக்கு. கத்திக் கத்தி வந்ததா இருக்கலாம். கேன்சராவும் இருக்கலாம். எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாத்தான் தெரியும்" என்றார்.

எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் பன்னிரண்டாம் வகுப்பு. வீடு வந்து சேரும்வரை அதற்கு மேல் எதையும் யோசிக்க முடியவில்லை.

ஆபரேஷன் முடிந்தது. பத்து நாள் வாயைத் திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று உத்தரவு. பத்தாம் நாள் ரிப்போர்ட் வரும். என் மனைவி எஸ்தர் சிரித்தாள். "கல்யாணமாயி இருவது வருஷத்துல, நான் ஆரமிச்ச பேச்ச நானே முடிக்கறது இப்பத்தாங்க." பிறகு சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தையும் தாண்டி அது எனக்குக் கேட்டது.

எனக்கு இன்னொரு கஷ்டம். ஜெபிக்க முடியவில்லை. வாய்விட்டுக் கத்தாத ஜெபம் கூரையைத் தாண்டாது என்று நம்பியவன் நான். பொத்தேரியில் ஒரு ஹாஸ்டல் சமையற்கட்டில் வேலை செய்யும் செல்வி அக்கா எங்கள் சபையில் உதட்டை மட்டும் அசைத்து ஜெபிப்பார். அவரை ஒருமுறை மைக்கிலேயே, "அக்கா, சத்தமா சொல்லுங்க, மேல கேக்க வேணாமா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். மூன்றாம் நாள் அதே அக்கா வீட்டுக்கு வந்தார்.

"நீ பேச மாட்டேன்னாங்க தம்பி. அதான் தைரியமா வந்தேன்."

கண்ணை மூடி இருபது நிமிடம் எனக்காக உதட்டை அசைத்தார். சத்தமே இல்லை. நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். செல்போனில் 'மன்னிச்சிடுங்க அக்கா' என்று எழுதிக் காட்டினேன். "கண்ணாடி எடுத்தாரல தம்பி, அப்பறமா படிக்கறேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினார்.

ஐந்தாம் நாள் மாதத்தின் முதல் தேதி. எங்கள் தெருவிலேயே இருக்கும் சபையில் நான் இல்லாமலே ஆயிரம் ஸ்தோத்திரம் நடந்துகொண்டிருந்தது. அதைக் காதால் கேட்கப் பொறுக்காமல் ஏழுமலையின் பஸ்ஸில் ஏறி மாமல்லபுரம் போய்க் கடற்கரையில் உட்கார்ந்தேன். பதினோரு வருடமாகத் தினமும் அந்த ஊருக்குப் போகிறேன். டீ குடிப்பேன், பஸ்ஸைத் திருப்புவோம், வந்துவிடுவோம். கடலை நின்று பார்த்ததில்லை. அன்று அலை பெரிதாக இருந்ததால் படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன.

மனதுக்குள் ஆயிரத்தைத் தொடங்கினேன். உன்னதமானவரே, ஸ்தோத்திரம். சர்வவல்லவரே, ஸ்தோத்திரம். வழக்கமான வேகம். பத்தாவதாக மகத்துவமுள்ளவரே என்று வந்ததும் நின்றுவிட்டேன். இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன்! ஒருமுறையாவது யாரிடம் சொல்கிறோம் என்று யோசித்தேனா? எதிரே அந்தக் கடல். அதன் இரைச்சலுக்கு முன்னால் என் மைக்கும் ஒன்றுதான், செல்வி அக்காவின் உதடும் ஒன்றுதான். இதை உண்டாக்கினவரை, கடைசி சீட்டில் தூங்குகிற பயணியை எழுப்புவதுபோல இத்தனை காலம் கத்திக் கூப்பிட்டிருக்கிறேன். அவ்வளவு பெரியவர், என் தொண்டையில் மிளகு அளவுக்கு இருந்த கட்டியை டாக்டருக்கு முன்னாலேயே பார்த்திருக்கிறார். எனக்கு உடம்பு நடுங்கியது. அந்த நடுக்கத்திலேயே தைரியமும் வந்தது.

"ஆண்டவரே, இது கேன்சராக இருக்கக் கூடாது என்று கேட்கிறேன். என் பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன். ஆனால் எந்த ரிப்போர்ட் வந்தாலும் நீர் சிறியவராகிவிட மாட்டீர். அந்தக் காகிதத்தை வைத்து நான் உம்மை அளக்க மாட்டேன்" என்று ஜெபித்தேன். சத்தமில்லாமல் நான் செய்த முதல் ஜெபம் அது.

திரும்பும் டிரிப்புக்கு ஏழுமலை கூப்பிட வந்தான். "இன்னா மச்சான், ஆயிரமும் ஆச்சா?" பத்து விரலைக் காட்டினேன். "பத்தாயிரமா?" என்றான். இல்லை, பத்துதான்.

அதன்பிறகு பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். தினமும் காலையில் எனக்கு முன்னால் அது எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருக்கும். அதன் முகத்துக்கு நேராகவே அதே ஜெபத்தைச் சொன்னேன். ஐந்து நாளும் சொன்னேன்.

பத்தாம் நாள் டாக்டர் காகிதத்தைப் பிரித்தார். எஸ்தரின் நகம் என் கையில் பதிந்தது.

"கேன்சர் இல்ல. சாதாரணக் கட்டிதான். இப்ப மெதுவா ஒரு வார்த்தை பேசுங்க."

"ஸ்தோத்திரம்" என்றேன். எண்ணெய் போடாத கதவுபோல வந்தது. கண்ணீரோடு எஸ்தர், "போதுங்க, மிச்சம் தொள்ளாயிரத்தி தொண்ணூத்தி ஒம்போதையும் வூட்ல போயி பாத்துக்கலாம்" என்றாள். டாக்டரே சிரித்துவிட்டார்.

குரல் திரும்பியது, பழைய குரல் அல்ல, பாதிதான். அந்தப் பாதிக்கும் நன்றி சொல்கிறேன். பஸ்ஸில் இப்போது விசில் ஊதுகிறேன், மற்றதைப் பக்கத்தில் போய்ச் சொல்கிறேன். பயணிகள் என்னை மரியாதை தெரிந்தவன் என்று நினைக்கிறார்கள். சபையில் மைக்கை எல்லாருக்கும் கொடுக்கிறோம். ஒவ்வொரு நாமத்துக்கும் கொஞ்சம் நிறுத்துகிறோம். இரண்டு மணி நேரம் ஆகிறது. நாஸ்தா தள்ளிப்போகிறது என்று முணுமுணுப்பவன் நான் ஒருவன்தான்.

டாக்டர்தானே கட்டியை எடுத்தார் என்று சிலர் கேட்கிறார்கள். ஆமாம். அவருக்கு நன்றி, அவர் கைக்குத் திறமை கொடுத்தவருக்கும் நன்றி. ரிப்போர்ட் வேறு மாதிரி வந்திருந்தால் சாட்சி எழுதியிருப்பாயா என்றும் கேட்டார்கள். கை நடுங்கியிருக்கும். ஆனால் எழுதியிருப்பேன்.

இதை வாசிக்கிற சகோதரனே, சகோதரியே, நீங்களும் இன்று ஏதோ ஒரு முடிவுக்காகப் பயந்து காத்திருக்கலாம். அந்தப் பயத்தோடேயே இயேசுவிடம் போங்கள். நல்ல வார்த்தை வரட்டும், குரல் தேறட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். ஒன்றும் சொல்ல வரவில்லையென்றால் அவர் முன்னால் சும்மா உட்காருங்கள். அவ்வளவு பெரியவருக்கு உங்களுக்காக நேரம் இருக்கிறது.