பூட் டிரைவும் அம்மாவின் வீடியோவும்

கனடா என்று சொல்லி ஏற்றிய ஏஜென்சிக்காரன் என்னை லண்டனில் இறக்கிவிட்டுப் போனான். அன்றிலிருந்து யார் சொன்னதையும் அப்படியே நம்பும் பழக்கம் எனக்கு இல்லை. கடையில் பால் எடுத்தாலும் அடுக்கின் பின்னால் கையை விட்டுத்தான் எடுப்பேன்.

அப்படிப்பட்டவன் வீட்டில் ஒரு சேர்வர் கட்டத் தொடங்கினால் என்ன பாடு என்று மனைவிக்கு முதலே தெரிந்திருக்க வேண்டும். படங்களையும் வீடியோக்களையும் யாரோ ஒரு கொம்பனியின் கிளவுட்டில் போட்டுவைக்க எனக்கு மனமில்லை. இன்றைக்கு இலவசம் என்பான், நாளைக்கு இழுத்து மூடிவிட்டுப் போவான். லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டியை வைத்து, அதில் இரண்டு பெரிய டிஸ்க்குகளைப் பூட்டி, எல்லாவற்றையும் அங்கே சேர்ப்பதென்று முடிவெடுத்தேன். எல்லாம் என்று சொன்னாலும் மனதில் இருந்தது ஒன்றுதான். அம்மாவின் செத்தவீட்டு வீடியோ.

அம்மா ஊரில் இறந்தபோது எனக்கு இங்கே அகதிக் கேஸ் முடியவில்லை. பாரிஸில் இருந்த அண்ணைக்கும் விசா இல்லை. எங்களைப் போல் போக முடியாதவர்களுக்காக, கலியாணவீட்டை எடுப்பதுபோலவே செத்தவீட்டையும் ஊரில் வீடியோ எடுத்து அனுப்புவார்கள். அந்த டிவிடி முதலில் பாரிஸுக்குப் போனது. அங்கிருந்து அண்ணை எனக்கு ஒன்று அனுப்பினார். ஊரிலிருந்து வந்த நல்லதைத் தானே வைத்துக்கொண்டு, அதிலிருந்து அடித்த கொப்பியைத்தான் எனக்குத் தந்திருப்பார் என்று ஒரு குடைச்சல். வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் அவருக்கு போன் எடுப்பது குறைந்துபோனது. டிவிடியை அலுமாரியில் வேட்டிகளுக்கு அடியில் வைத்தேன். வருடங்கள் போயும் போட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

சேர்வருக்கு மிச்சமாக இருந்தது பூட் டிரைவ் ஒன்றுதான். பெட்டி இயங்கத் தேவையான சிஸ்டம் மட்டும் இருக்கும் சின்ன டிரைவ் அது. ஒரு பென் டிரைவ் போதும் என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருந்தார். பென் டிரைவ் ஒரு வருடத்தில் காலை வாரிவிடும் என்று இன்னொருவர். இந்த இருவரில் யார் எதை விற்கிறார் என்று யோசித்தேன். மலிவாக எஸ்.எஸ்.டி. வகை டிரைவ் ஒன்றைத் தருவித்துக் கையில் வைத்துப் பார்த்தேன். பாரம் காணாது போலிருந்தது. உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கோதைத்தான் ஒட்டி அனுப்பியிருப்பான் என்று திருப்பி அனுப்பினேன். லண்டனின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, சவுத்தால் வரை டிரைவ் தேடிப் போனேன். அங்கே ஒரு கடைக்காரர், யாரோ பாவித்த ஒன்றைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். முதல் சொந்தக்காரர் ஏன் விற்றார் என்று கேட்டேன். சிரித்தார். சிரித்தபடியால் வாங்கவில்லை.

இப்படியே மாதங்கள் போயின. ஒரு சனிக்கிழமை மத்தியானம், மீன் வெட்டிக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்.

"உந்தச் சின்னது பழுதாப் போனா மாமியின்ர வீடியோவும் போயிடுமோ?"

இல்லை, வீடியோ இருக்கப்போவது பெரிய டிஸ்க்குகளில் என்றேன். இது பழுதானால் வேறொன்றை வாங்கி, சிஸ்டத்தைத் திரும்ப ஏற்றினால் சரி.

"அப்ப ஏன் இந்தப் பாடு படுறியள்? உங்களுக்கு அந்த வீடியோவைத் தொடப் பயம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தோடேயே போய், பெட்டி பிரிக்காத புது எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கிவந்து பூட்டினேன். ஒரு கரைச்சலும் இல்லாமல் இயங்கியது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு சுலபமாக எதுவும் நடக்கக் கூடாதே.

இனிச் சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. வேட்டிகளுக்கு அடியிலிருந்து டிவிடியை எடுத்துப் பெட்டியின் டிவிடி டிரைவில் போட்டேன். சுற்றியது, நின்றது, வெளியே தள்ளியது. மனைவியின் லப்டொப்பில் போட்டேன். பழைய பிளேயரில் போட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது ஓரம் முழுக்க வெண்படலம் படர்ந்திருந்தது. கடையில் உள்ள டிரைவ்களையெல்லாம் சந்தேகித்த நான், என் அலுமாரிக்குள் கிடந்ததை ஒருநாளும் சந்தேகிக்கவில்லை. கட்டிலில் குந்தியிருந்து அழுதேன்.

மனைவிதான் அண்ணைக்கு போன் எடுத்து என் கையில் தந்தாள். நடந்ததைச் சொன்னேன். பழைய குடைச்சலும் கூடவே வெளியே வந்துவிட்டது. நல்லது உங்களிடம்தானே இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். அண்ணை சொன்னார்.

"ஊரில இருந்து வந்ததை உனக்குத்தான்ரா அனுப்பினனான். என்னட்டை இருக்கிறது நான் அடிச்ச கொப்பி. அடிக்கேக்கையும் திரையைத் துவாயால மூடிப்போட்டுத்தான் இருந்தனான். இன்னும் பாக்கேல்லை."

மடியில் கிடந்த டிவிடியை உறைக்குள் வைத்தேன்.

"தனிய இருந்து பாக்க ஏலாது," என்றார். "கொண்டு வாறன்."

தபாலை அவரும் நம்பவில்லை. இப்போது அவரிடம் பாஸ்போர்ட் இருந்தது; கோட்டின் உள்பைக்குள் வைத்து ரெயிலில் கொண்டுவந்தார். மாடிப்படிக்குக் கீழே இருந்த பெட்டியைக் குனிந்து பார்த்து, இது நம்பிக்கையானதோ என்று கேட்டார். வேறு யாரும் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். ஓம் என்று மட்டும் சொன்னேன். டிவிடி சுற்றியது, நிற்கவில்லை. சேர்வரில் ஏறி முடியும்வரை தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

பிறகு வீடியோவைத் திறந்தேன். முற்றத்துப் பந்தல் வந்தது. வாசலில் குவிந்திருந்த செருப்புகள் வந்தன. பிறகு அம்மா வந்தா. திரையை மறைக்க அண்ணையின் கை எழும்பியது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.