வெள்ளை மேகத்தில் ஒரு மொட்டை

திருத்தணி மலைக்கு வருகிறவர்களைப் படம் எடுத்துத்தான் பிழைக்கிறேன். நல்ல வெயிலில் எடுத்தால் நிழல் விழுந்து படத்தில் பாதி முகம் கறுத்துவிடும். வானத்தில் வெள்ளை மேகம் பரவினால் எல்லோரும் அழகாகிவிடுவார்கள். அதனால் மேகத்தைக் கண்டாலே எனக்குக் கொஞ்சம் திமிர் வரும்.

போன ஆடியில் தங்கை மகளுக்கு மொட்டை. மூன்று வயது. தாய்மாமன் என் மடியில் சிணுங்காமல் உட்கார்ந்திருந்தாள். சவரம் முடிந்ததும் தங்கை சந்தனத்தோடும் தொப்பியோடும் வந்தாள்.

"அண்ணா, பூசிட்டுத் தொப்பி போட்டுடறேன்."

"இரும்மா, வெறும் மொட்டையா நாலு படம் எடுத்துட்டுத் தர்றேன். வெயிலா கொளுத்துது? மேகமாத்தானே கீது!"

தொழில் தெரிந்தவன் சொல்கிறான் என்று விட்டுவிட்டாள். நானோ படிக்கட்டில், கோபுரத்தின் முன்னால், சொந்தக்காரர்களோடு என்று உச்சிவேளை தாண்டியும் குழந்தையை வெட்டவெளியில் நிற்கவைத்தேன்.

சாயங்காலம் தலை செக்கச்செவேலென்று ஆனது. மறுநாள் கொப்புளம். தலையணையில் தலை வைக்கமுடியாமல் கத்தினாள். நானும் தங்கையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"குழந்தையை யாரு வெயில்ல விட்டது?" என்றார் டாக்டரம்மா.

"வெயிலே இல்லீங்க, மேகமா இருந்துச்சு" என்றாள் தங்கை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் அதிகம் சுட்டது.

"கருகருன்னு மழைமேகம் மூடியிருந்தா புற ஊதாக்கதிரை நல்லாத் தடுக்கும். மெல்லிசான வெள்ளை மேகம் அதிகம் தடுக்காது. துண்டு துண்டா மேகம் இருந்து நடுவுல சூரியன் தெரிஞ்சா, மேகத்துல பட்டுச் சிதறி, சில நேரம் தெளிஞ்ச வானத்தைவிட அதிகமாகூட வரும்."

வெளிச்சத்தை வைத்தே சோறு தின்கிறவன் நான். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் மட்டும்தான் எனக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் படங்களை இன்றுவரை யாருக்கும் காட்டவில்லை.

அந்த வாரக் கடைசியில் வைத்திருந்த காதுகுத்து தள்ளிப்போனது. அதற்கும் மாமன் மடிதான் வேண்டும். என்னைக் கூப்பிடுவாளோ மாட்டாளோ என்று தை வரை தவித்தேன். கூப்பிட்டாள். கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

குழந்தைக்கு முடி நன்றாக வளர்ந்திருந்தது. "மாமா மடியில உக்காரு கண்ணு" என்று தங்கை கொண்டுவந்து உட்காரவைத்தாள். ஆசாரி காது குத்தும் கம்பியை எடுத்தார். குழந்தை அதைப் பார்க்கவேயில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள்.