கதவைத் திறக்கச் சொன்ன ஞானமுத்து சார்

ஞானமுத்து சார் காலமான செய்தி வந்தபோது நான் தல்லாகுளத்தில், அலுவலகத்தில் இருந்தேன். அவருடைய மகள் பியூலா பேசினாள். "அண்ணே, அப்பா காலையில காப்பி குடிச்சாங்க. செத்த நேரம் படுக்கிறேன்னாங்க. எந்திரிக்கல." அவ்வளவுதான் சொன்னாள். பசுமலையில் அவர் வீட்டு வாசலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எங்கள் குடியிருப்பே அங்கே நின்றது. பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க நாடகந்தான்யா அப்பனையும் மகளையும் சேத்து வச்சுச்சு" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கத்தில் குனிகிறேன் என்று நினைத்திருப்பார். உண்மையில் அது வெட்கம். அந்தப் பாராட்டு எனக்கு உரியதல்ல. சாரை அறிந்தவர்களுக்கும், அவருடன் அந்த மைதானத்தில் உட்கார்ந்து நாடகம் பார்த்தவர்களுக்கும் இதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது அப்போதுதான்.

சார் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நடந்து வந்தால் வராந்தா முழுவதும் அமைதியாகிவிடும் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்வார்கள். நான் இந்தக் குடியிருப்புக்குக் குடிவந்தபோது அவர் மனைவி இறந்துவிட்டிருந்தார். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவர் தனியாக இருந்தார். வணக்கம் சொன்னால் தலையசைப்பார். பேச்சு அதற்கு மேல் போகாது.

அந்த மனிதரை மே மாதத்தில் பார்க்க வேண்டும். கோடை விடுமுறையில் நாங்கள் பள்ளி மைதானத்தில் ஓர் இசை நாடகம் போடுவோம். கதையும் பாட்டும் நான் எழுதுவேன். நடிப்பவர்கள் எல்லாம் அக்கம்பக்கத்து டீச்சர்களும் கிளார்க்குகளும்தான். ஒரு கீபோர்டு, ஒரு டோலக், வாடகை மைக். வெயில் தாழ்ந்ததும் மண்ணில் தண்ணீர் தெளிப்பார்கள். அப்படியும் பாய் வழியாகச் சூடு ஏறும். சார் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து முதல் வரிசையில் போட்டுக்கொள்வார். பாட்டு தொடங்கியதும் அவர் வேறு ஆள். எல்லாப் பாட்டையும் கூடவே பாடுவார், சுருதியைப் பற்றிக் கவலையே படாமல். வில்லன் பொய் சொன்னால், "டேய், அவன நம்பாத! அம்புட்டும் புளுகு!" என்று கதாநாயகனுக்குக் கூவிச் சொல்வார். சோகக் காட்சி என்றால் துண்டை வாயில் வைத்துக்கொண்டு விசும்புவார். முதல் வருடம் மேடையில் நின்ற எனக்கு உடம்பெல்லாம் கூசியது. போகப் போக, அவர் கூவாவிட்டால் நாடகம் எடுபடவில்லை என்று நாங்களே முடிவு செய்யும் நிலை வந்தது. குழந்தைகள் அவர் கூவுவதற்காகவே காத்திருப்பார்கள்.

இப்படிச் சில கோடைகள் போயின. பிறகு நான் அந்தக் கதையை எழுதினேன். தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்ட மகள், தாய் சாகக் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு ஓடி வருகிறாள். தகப்பன் கதவைத் திறக்க மறுக்கிறான். மகள் வாசலில் நின்று பாடுகிறாள். கூட்டம் நன்றாக அழவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இல்லை. தகப்பன் வேடம் எனக்கு. ஒத்திகையில் எங்கள் வயதான கீபோர்டுக்காரர் ஒரு முறை, "இந்தக் கதையேவா போடணும்?" என்று கேட்டார். பாட்டு நீளமாக இருக்கிறது என்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து ஒரு சரணத்தை வெட்டினேன்.

அன்று அந்தக் காட்சி வந்தது. மரச்சட்டம் அடித்துத் துணி கட்டிய கதவு. உள்ளே நான், வெளியே மகளாக நடித்த பெண். அவள் இரண்டாவது சரணத்தில் இருந்தபோது சார் நாற்காலியை விட்டு எழுந்தார். கூவப்போகிறார் என்று குழந்தைகள் சிரிக்கத் தயாரானார்கள். அவர் கூவவில்லை. மேடை ஓரம் வரை நடந்து வந்து என்னைப் பார்த்து, "கதவத் தொறந்துவிடுப்பா. அப்புறம் நீயே நெனச்சாலும் முடியாது" என்றார். தாழ்ந்த குரல்தான். ஆனால் முன்னால் இருந்த மைக் அதை மைதானம் முழுவதும் கொண்டுபோனது.

குழந்தைகளும் என்னைப் போலப் புதிதாகக் குடிவந்தவர்களும் கைதட்டிச் சிரித்தார்கள். பழைய ஆட்கள் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தார்கள். தான் எங்கே நிற்கிறோம் என்பது சாருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, கூட்டத்தின் நடுவே வழி தேடி, வீட்டைப் பார்த்து நடந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அதற்குமேல் அந்தக் கதவை மூடி வைத்திருக்க முடியவில்லை. திறந்துவிட்டேன். மகளாக நடித்த பெண்ணுக்கு அடுத்து என்ன பாடுவதென்று தெரியவில்லை. கீபோர்டு நின்றது. அன்று நாடகம் அப்படியே முடிந்தது. நான் கதவைத் திறந்ததை சார் பார்க்கவில்லை.

பாய்களைச் சுருட்டும்போது கீபோர்டுக்காரர்தான் என்னிடம் சொன்னார். சாரின் ஒரே மகள் பியூலா வேறு சாதியில் ஒரு வேன் டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். தாய் இறந்த அன்று வந்தவளை சார் உள்ளே விடவில்லை. அவள் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தத் தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். நெடுநேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. முந்தின நாள் சட்டையோடேயே இருந்தார்.

"எனக்குத் தெரியாது சார். தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டேன்."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சவங்கதான் இம்புட்டு வருசமா வாயத் தொறக்கல. அத்தன பேருக்கு முன்னால அவள நிக்க வச்சேன். நேத்து நானும் அத்தன பேருக்கு முன்னால நின்னாச்சு. இனிமே மறைக்க என்னப்பா இருக்கு?" பிறகு கேட்டார்: "அவ இருக்கிற பேரையூருக்கு என்கூட வாரீங்களா? தனியாப் போனா பஸ்ஸ விட்டு எறங்க மாட்டேன். வெக்கமா இருக்கு. அப்படியே திரும்பிருவேன்."

அவர் சொன்னபடியேதான் நடந்தது. பேரையூரில் பஸ் நின்றதும் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் கையைப் பிடித்து இறக்க வேண்டியிருந்தது. விசாரித்துக்கொண்டு போன வீட்டில் கதவு திறந்தே கிடந்தது. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பியூலா நிமிர்ந்து பார்த்தாள். யாரென்று தெரியாத என்னிடம், "நீங்க உள்ள வாங்க சார்" என்றாள். அப்பாவை அழைக்கவில்லை. அவர் உச்சி வெயிலில், செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் நின்றார். நான் உள்ளே போவதா, அவரோடு நிற்பதா? பாதி வாசலில் நின்றேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு கூச்சத்தை நான் அனுபவித்ததில்லை.

அவர்தான் பேசினார். "ஒங்கம்மா கடைசியா ஒன்னத்தான் கேட்டா. பியூலா வந்துட்டாளான்னு கேட்டா. அத ஒன்கிட்ட சொல்லாம வச்சிருந்தேன்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். "இத மொதல்லயே சொல்லியிருந்தா எனக்கு அம்புட்டுப் போதும்ப்பா" என்றாள். முறத்தை மறுபடி எடுத்து, மிச்ச அரிசியையும் புடைத்து முடித்தாள். கடைசியில், "வெயில்ல மயக்கம் போட்டு விழுந்தா நாந்தான ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும். உள்ள வாங்க" என்றாள். அது மன்னிப்பு இல்லை என்பது மூவருக்குமே தெரிந்திருந்தது. மத்தியானம் வேனை நிறுத்திவிட்டு வந்த அவள் கணவர், எதுவுமே நடக்காதது போல, "சாப்பிட்டுத்தான் போகணும் மாமா" என்று இலை போட்டார். சார் இலையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. ரசத்துக்கு மட்டும், "போதும் மாப்ள" என்றார். அந்த மாப்ளயைச் சொல்வதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

பிறகு அவள் எப்போதாவது வந்தாள். போகப் போக அடிக்கடி வந்தாள். அடுத்த கோடை நாடகத்துக்குக் கணவரோடு வந்து, சாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்தாள். ஆனால் சார் வாயே திறக்கவில்லை. பாடவும் இல்லை. போன வருடத்துச் சிரிப்பு அவர் காதில் இன்னும் இருந்திருக்கும். மேடையிலிருந்து நாங்கள் அவரையே பார்த்தோம். பார்வையாளர்களும் மேடையை விட்டுவிட்டு அவரைத்தான் பார்த்தார்கள். திருடன் நகைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நழுவும் கட்டம் வந்தது. பியூலா கணீரென்ற குரலில் கேட்டாள்: "என்னப்பா, அவன் பாட்டுக்குத் தூக்கிட்டுப் போறான், பேசாம இருக்கீங்க?"

சார் அவளைப் பார்த்தார். எழுந்து நின்றார். "டேய், பிடிங்கடா அவன!" என்றார். மைதானமே எழுந்து கத்தியது. திருடனாக நடித்த போஸ்ட் ஆபீஸ் கிளார்க் நிஜமாகவே பயந்துபோய்ப் பெட்டியைக் கீழே போட்டார்.

அதனால்தான் சொல்கிறேன், அவர்களைச் சேர்த்துவைத்தது என் நாடகம் அல்ல. நான் கூட்டத்தை அழவைக்கப் பார்த்தேன், அவ்வளவுதான். அத்தனை பேர் முன்னால் அவமானப்பட்டவர், அந்த அவமானத்தோடேயே பஸ் ஏறிப் போனார். அதற்கு நான் துணைக்குப் போனேன். பாராட்டைக் கேட்டுத் தலைகுனிந்ததன் காரணம் இதுதான்.

இந்த வருடம் வெயில் ஏறத் தொடங்கிய சமயத்தில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். மகள் வீட்டார் அப்போது அவருடனேயே இருந்தார்கள். உடம்பு மெலிந்து கட்டிலோடு இருந்தார்.

"இந்தத் தடவ என்ன கதை?" என்றார்.

"இன்னும் எழுதல சார்."

"தப்புப் பண்ணிட்டு வெக்கப்படுற ஒருத்தன வைங்க" என்றார். மூச்சு வாங்கியது. "ஆனா கடைசியில அவனச் சாகடிச்சிராதீங்கப்பா. நாடகத்துல எல்லாரும் அதத்தான் செய்யிறாங்க. அவனுக்கு வேற வேல இருக்கு. யார் வீட்டுக்குப் போகணுமோ, அங்க போகவிடுங்க" என்றார்.

சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது 'போகவிடுங்க' என்ற அந்த ஒரு சொல்தான். இந்த வருட நாடகத்தில் அவனைப் போகவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.