பாணருக்கு ஒரு வேலை

மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குள் நுழைந்ததும் மாஸ்டர் தலைக்கவசத்தைக் கழற்றி மல்லாத்தி வைத்து, அதற்குள் இருபது முகப் பகடையை உருட்டுகிறார். விழுந்த எண்ணை இடது முன்கையில் பேனாவால் எழுதிக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் லிஃப்டின் பிரேக்கைத் திறந்து பார்க்கிறார். கம்பிவடத்துக்கு எண்ணெய் போடுவதற்கு முன் இன்னொரு எண், போட்டு முடித்ததும் ஒன்று. மத்தியானத்துக்குள் கை முழுக்க எண்களாகிவிடும். நான்கு வருடங்களுக்கு முன் ஆறாவது மாடியில் எங்கள் அலுவலகத்துக்கு சோப்பு கேட்டு வந்தார். "இதெல்லாம் என்ன?" என்று அந்தக் கையைப் பார்த்துக் கேட்டேன். "ஒரு டிராகன் சாகுமா பிழைக்குமான்னு பார்த்துட்டிருக்கேன்மா" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் வீட்டு மேஜையில் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்துவிட்டது.

மாஸ்டர் என்றதும் தையல் மாஸ்டரா, டான்ஸ் மாஸ்டரா என்று கேட்காதவர்கள் இல்லை. அவர் கதை மாஸ்டர். ஆட்டம் இதுதான்: அவர் ஒரு கற்பனை நாட்டைச் சொல்லிக்கொண்டே போவார், நாங்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து அதற்குள் நடப்போம். செய்ய நினைத்தது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும்; பெரிய எண் விழுந்தால் பலிக்கும். அவருடைய மைத்துனர், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், போர்வீரன். நான் பூட்டுத் திறக்கும் திருடி. மருந்துக்கடை அக்கா, ஊர் ஊராகப் பாடிக்கொண்டு போகும் பாணர். அரசி முதல் தவளை வரை மற்ற எல்லோரும் மாஸ்டர்தான். அரசியாகப் பேசும்போது மட்டும் மோவாயில் விரல் வைத்துக்கொள்வார். அவருடைய ராட்சசர்களுக்கும் மூட்டு வலி உண்டு. முதலைகள் எப்படி மூச்சு விடுகின்றன என்று யாராவது கேட்டுவிட்டால் அதை விளக்கியே அன்றைய பொழுதைப் போக்கிவிடுவார்.

உதிரிபாகப் பெட்டியை வெட்டிச் செய்த ஓர் அட்டை மறைப்புக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருப்பார். அங்கே செம்பு நிறத்தில் கனமான ஓர் உலோகப் பகடை இருக்கிறது. தன் பாத்திரங்களுக்காக அவர் உருட்டுவது அதைத்தான்; வேறு யாரும் தொடக் கூடாது. மைத்துனர் ஒரு முறை விளையாட்டாக எடுத்துப் பார்த்தார். அன்று காட்டில் இருந்த கொசு அத்தனையும் போர்வீரனை மட்டும் கடித்தன.

இப்படிப்பட்ட மேஜையில் போன மாதம் மருந்துக்கடை அக்கா பென்சிலைக் கீழே வைத்தார்.

"மூணு மணி நேரம் உட்கார்ந்திருக்கேன் மாஸ்டர். ரெண்டே ரெண்டு தடவை உருட்டினேன். உங்க மச்சினன் வெட்டுறாரு, இந்தப் பொண்ணு பூட்டைத் திறக்குது, நான் பின்னாடி நின்னு லாலா பாடுறேன். கடையிலதான் நாள் பூரா அடுத்தவங்க தேறுறதுக்கு எடுத்துக் கொடுத்துட்டு நிக்கிறேன். இங்கயுமா?"

"வேற வேஷம் எடுத்துக்கங்கக்கா. மந்திரவாதி காலியாத்தான் இருக்கு."

"எனக்கு இந்தப் பாட்டுக்காரியே போதும். இவளுக்கு ஒரு வேலை கொடுங்க. மூணு ஞாயிறு பார்க்கிறேன். இல்லேன்னா நான் மத்தியானம் தூங்கப் போறேன்."

அக்கா சொன்னால் செய்வார். அவர் போனால் மிஞ்சுவது இரண்டு பேர். இரண்டு பேரை வைத்து இந்த ஆட்டம் நடக்காது. நான்கு வருடக் கதை நடுவழியில் நின்றுவிடும். மாஸ்டர் அன்று டீயை ஆறவிட்டார். "பாணரைப் பிரிச்சு மாட்டணும்" என்று முணுமுணுத்தார். அவர் மனைவி கோப்பையை எடுத்துக்கொண்டே, "லிஃப்டுக்குள்ள பத்துப் பேர் மாட்டிக்கிட்டப்பகூட இந்த மூஞ்சியை நான் பார்த்ததில்ல" என்றார்.

முதல் ஞாயிறு, அக்காவின் பாணர் புதிய விதியோடு வந்தார். அவர் பாடினால் எதிரி ஆயுதத்தைக் கீழே போட்டுவிடுவான். கோட்டையை வளைத்திருந்த கொள்ளைக்காரர்கள் முன்னூறு பேரும் இரண்டு வரி கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மூன்று மணி நேர ஆட்டம் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது.

"மாமா, அரை மணி நேரம் கத்தியத் தீட்டினேன்" என்றார் மைத்துனர். "இதை வெச்சு இப்ப வெங்காயமா நறுக்குறது?"

மாஸ்டர் விதி எழுதியிருந்த தாளை நான்காகக் கிழித்தார். தோற்ற விதியை அவர் ஒட்டுப்போட்டு நான் பார்த்ததில்லை.

இரண்டாவது ஞாயிற்றுக்கு வேறொரு விதி. எங்களில் ஒருவர் முன்பு செய்த நல்ல காரியத்தைப் பாணர் எடுத்துச் சொன்னால், அவர் தோற்ற பகடையை இன்னொரு முறை உருட்டலாம். அக்காவின் முகம் மலர்ந்தது. முதல் வருடத்திலிருந்து கதையில் நடந்ததை எழுதிவரும், மருந்து கம்பெனி கொடுத்த குறிப்பேட்டைப் பையிலிருந்து எடுத்தார். ஒரு மணி நேரம் அருமையாகப் போனது. பிறகு போர்வீரன் காரணமே இல்லாமல் எரிகிற கிணற்றுக்குள் குதித்தான்.

"அக்கா, எழுதிக்கங்க!"

அடுத்து அவன் ஒரு முதலைக்கு முத்தம் கொடுத்தான். நானும் சும்மா இருக்கவில்லை. எந்த வேலையும் இல்லாத ஒரு கோபுரத்தின் உச்சியில் ஏறி ஒற்றைக் காலில் நின்றேன். நாங்கள் வீரம் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பிடிக்க வேண்டிய ஒற்றன் பொடிநடையாக எல்லையைத் தாண்டிவிட்டான். அக்கா விரல்களை நீவிவிட்டுக்கொண்டு, "நான் பாணரா, பத்திரிகை நிருபரா?" என்றார். மாஸ்டர் சிரிக்க முயன்றார், வரவில்லை. தாள் நான்காயிற்று.

செவ்வாய்க்கிழமை தரைத்தளத்தில் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது நடந்ததை நான் பார்த்தேன். மாஸ்டர் பொத்தான் பலகையைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்பதாவது மாடிக்கு வந்த ஒரு பெண் அவர் எதிரில் நின்றாள்.

"சார், ரெண்டு வருஷம் முன்னாடி நான் இதுல மாட்டிக்கிட்டேன். ஞாபகம் இருக்கா? நீங்கதான் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, என்னைப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லச் சொன்னீங்க. பதினேழாம் வாய்ப்பாட்டுல கதவு திறந்துச்சு. இல்லேன்னா அன்னிக்கு நான் மயங்கி விழுந்திருப்பேன்."

மாஸ்டர் திருப்புளியைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார். "நானா?" என்றார்.

"நீங்கதான்."

அவள் படியேறிப் போய்விட்டாள். லிஃப்ட் ஓடினால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நின்றால்தான் போன் வரும் என்று அடிக்கடி சொல்கிறவர், அன்று அதைச் சொல்லவில்லை. பேனாவைத் தேடி எடுத்தார். முன்கையில் எண்களுக்குக் கீழே, முதல் முறையாக ஒரு வாக்கியம் எழுதினார்.

மூன்றாவது ஞாயிறு அந்த வாக்கியம் கட்டம் கட்டமான கையெழுத்தில் மேஜை மீது கிடந்தது: 'பாணர் சொல்வது, செய்தவரே மறந்துபோன காரியமாக இருக்க வேண்டும். அவர் "நானா?" என்று கேட்டால் பாட்டு பலித்தது.'

மைத்துனர் தாளை இரண்டு முறை படித்தார். "ஞாபகம் இருந்துக்கிட்டே நானான்னு கேட்டா?"

"உன் மூஞ்சிக்குப் பொய் சொல்ல வராது மாப்ள. இண்டிகேட்டர் போடாமலே நீ எந்தப் பக்கம் திரும்புவேன்னு எனக்குத் தெரியும்."

அக்கா குறிப்பேட்டின் பின்பக்கத்திலிருந்து தொடங்கி மெதுவாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

கதையில் எங்களைப் படை துரத்தியது. முன்னால் ஆறு; பாலம் உடைந்திருந்தது. கரையில் ஒரே ஒரு படகு, அதில் ஒரு படகோட்டி. போர்வீரன் மிரட்டினான், மூன்று விழுந்தது. நான் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தேன், இரண்டு. படகோட்டியாவது மனம் இரங்குவானா என்று மாஸ்டர் மறைப்புக்குப் பின்னால் உருட்டினார். "ஒண்ணு" என்றார். "அசைய மாட்டான்." குதிரைக் குளம்புச் சத்தத்தை மேஜை விளிம்பில் விரல்களால் தட்டத் தொடங்கினார்.

அக்கா பக்கம் புரட்டுவதை நிறுத்தினார். எங்கள் இருவர் பக்கமும் அவர் திரும்பவில்லை. மாஸ்டரைப் பார்த்தார்.

"படகுக்காரரே, முதல் வருஷம், ஒரு மழை நாள். எங்க குதிரை கால் உடைஞ்சு இதே கரையில கிடந்துச்சு. நாங்க மூணு பேரும் விட்டுட்டுக் கிளம்பிட்டோம். நீங்க உங்க படகுப் பாயைக் கழட்டி அது மேல போர்த்திட்டு, மழையில உட்கார்ந்துட்டீங்க. திரும்பிப் பார்த்தது நான் ஒருத்திதான்."

விரல்கள் நின்றன. மாஸ்டர் தன் காகிதக் கட்டை இழுத்துப் படகோட்டியின் பக்கத்தைத் தேடி எடுத்தார். 'மூட்டு வலி. பேரம் பேசுவான்' என்று மட்டும் அதில் இருந்தது. தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"நானா?" என்றார். அது படகோட்டியின் குரல் இல்லை.

மைத்துனர் மேஜையைக் குத்தினார். "பலிச்சிருச்சு மாமா! படகுக்காரன் திரும்ப உருட்டணும்!"

மாஸ்டர் அட்டை மறைப்பை மடித்துத் தரையில் வைத்தார். செம்புப் பகடையை எடுத்து, சட்டை நுனியில் ஒரு முறை துடைத்து, மேஜையின் குறுக்கே அக்காவின் பக்கம் நகர்த்தினார்.