அக்கா சொல்லாத ‘ஆமாம்’

எங்கள் அக்கா இல்லாமல் ஓராண்டு கழிந்துவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள் பலர் இன்னமும் என்னைத் தனியே இழுத்துக் கேட்பது ஒன்றுதான்: “அக்கா கடைசியில கிறிஸ்தவ வேதத்துல சேர்ந்தாங்களா, இல்லையா?” ஆளாளுக்குப் பதில் சொல்லித் தொண்டை வற்றிவிட்டதால் இங்கே எழுதிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது கொச்சி மட்டாஞ்சேரியில். அப்பா தென்காசிப் பக்கமிருந்து கொச்சங்காடி மிளகுக் கிடங்குக்கு வேலைக்கு வந்தவர். அம்மா சீக்கிரமே போய்விட, என்னைக் குளிப்பாட்டி, அடித்து, பள்ளிக்கூடம் அனுப்பியவர் அக்காதான். அத்தானையும் இளவயதிலேயே இழந்தார். தோசை மாவு அரைத்து விற்றுத் தன் காலில் நின்றார். அவர் மாவில் ஒருநாளும் தண்ணீர் கூடியதில்லை. அத்தான் போன பிறகு, பக்கத்து வீட்டு ரோசிச் சேச்சியோடு சர்ச்சுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காரத் தொடங்கினார். மனசு ஆறப் போகிறார் என்றுதான் நினைத்தோம்.

ஒரு மாலை நான் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது, “ஞானஸ்நானம் எடுக்கப் போறேன்டா” என்றார். சாயா மூக்கு வழியாக வந்தது. அந்த அதிர்ச்சியில் நான் கேட்ட முதல் கேள்வி, “அப்ப தீபாவளிக்கு அதிரசம் யாருக்கா சுடுவா?” ஐம்பது வயதுக்காரன் கேட்கிற கேள்விதான்.

மாரியம்மன், ஐயப்பன், யாரையும் விடாமல் வேண்டிக்கொண்டேன். போதாதென்று அச்சனிடம், அதாவது பாதிரியாரிடம், ஓடினேன்.

“ஃபாதர், அக்காவுக்கு ஆஸ்துமா. தலையில பச்சைத்தண்ணி பட்டா ஆகாது.”

அச்சன் சிரிக்கவே இல்லை. “பயப்படண்டா. நான் பிளாஸ்க்கில் சூடுவெள்ளம் கொண்டுவராம்.”

வெந்நீரே வருகிறது என்றதும் என் கடைசி அஸ்திரமும் தீர்ந்தது. புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனேன். சர்ச் நிறைந்திருந்தது. சொன்னபடி பிளாஸ்க்கும் வந்திருந்தது. “விசுவசிக்கிறீர்களா?” என்று அச்சன் கேட்டார். அக்கா பிளாஸ்க்கைப் பார்த்தார், பிறகு அச்சனைப் பார்த்தார். அச்சன் மறுபடியும் கேட்டார்.

“இல்ல அச்சா. பாதி மனசுதான் வந்திருக்கு. அதை வெச்சுக்கிட்டு ஆமான்னு சொன்னா பொய்யாயிடும்.”

வேண்டுதல் பலித்துவிட்டது, குதித்திருக்க வேண்டும். நானோ அத்தனை கண்களுக்கும் பயந்து அக்காவின் காதில், “மானம் போகுதுக்கா, ஆமான்னு சொல்லித் தொலை” என்றேன்.

“வேண்டாம்னு நீ அழுதப்ப கேட்டேனா? இப்ப மட்டும் உனக்காகச் சொல்லணுமா?”

அச்சன் கோபிக்கவில்லை. பிளாஸ்க்கை அக்காவிடமே கொடுத்தனுப்பினார். அடுத்த ஞாயிறும் அக்கா போனார், அதே கடைசி பெஞ்சுக்கு.

“கல்யாணம் வேண்டாம்னுட்டு சாப்பாட்டுக்கு மட்டும் வர்றியாடி?” என்பார் ரோசிச் சேச்சி.

“பொண்ணு இன்னும் யோசிக்கிறா சேச்சி.”

கடைசியாக மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அச்சன் வந்து அருகில் உட்கார்ந்தார். எதுவும் கேட்கவில்லை. எரிப்பதா, புதைப்பதா என்ற பதற்றத்தில் நான்தான் கேட்டேன்: “அக்கா, இப்ப என்ன சொல்றே?”

“பாதியை விடக் கொஞ்சம் கூடியிருக்குடா. முழுசா ஆகல.”

மறுநாள் காலையில் போய்விட்டார்.

ஆகவே உறவினர்களே, ஞானஸ்நானம் நடக்கவில்லை. நம் முறைப்படி தகனம் செய்தோம். அச்சன் வந்து, கூட்டத்தின் கடைசியில் நின்றார்.

ஆஸ்பத்திரியில் என்னோடு முறைவைத்துக் காவலிருந்த ரோசிச் சேச்சிக்கும், மாவு வாங்க வந்த பாத்திரத்தோடு அப்படியே நின்று அழுத தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அச்சனுக்கு நேரில் நன்றி சொல்லப் போனபோது பிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

“அவிடே இருக்கட்டே. ஆவசியம் வரும்.”

யாருக்குத் தேவைப்படும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.